எல்லாக் கொப்புளமும் சூட்டுக் கொப்புளம் அல்ல

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களில் மிகச் சிலருக்கு, சிகிச்சை முடிந்த பிறகு அதே இடத்தில் கொப்புளங்கள் எழுகின்றன. அது தீக்காயமா, அம்மையா, வேறு நோயா? பதில் நம் உடலின் காவல் படையிடம் இருக்கிறது.

மாணவர்களே, தைப்பூசத்துக்குப் பத்துமலைவரை நடந்து போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதத்தைத் தொடர்ந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வெறுங்காலுடன் நடந்து, 272 படிகளையும் ஏறி இறங்கியவர்களின் உள்ளங்காலை மறுநாள் பாருங்கள். நீர் கோத்த கொப்புளம் ஒன்றிரண்டாவது இருக்கும். அதைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. தோல் தரையோடு உரசியதால் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

இப்போது வேறொரு கொப்புளத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். செந்தூலில் வசிக்கும் 65 வயதுப் பாட்டி ஒருவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் பிறகு கதிர்ச்சிகிச்சையும் பெற்றுத் தேறியவர். சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்து, கதிர் பட்ட இடத்தில் கடுமையான அரிப்பு தொடங்குகிறது. சில நாள்களில் திராட்சை போல இறுக்கமான நீர்க்கொப்புளங்கள் எழுகின்றன. “கரண்டு வைத்த சூடு இன்னும் இறங்கவில்லை” என்கிறார் மகன். “அக்கியாக இருக்கும்” என்கிறார் பக்கத்து வீட்டு அக்காள். “அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை வையுங்கள்” என்கிறார் இன்னொருவர்.

மூன்றுமே தவறாக இருக்கலாம். நான்காவது ஒரு விளக்கமும் உண்டு. அதன் பெயர் புல்லஸ் பெம்பிகாய்ட். கொப்புளத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இதை ஏற்படுத்துவது கிருமியும் அல்ல, சூடும் அல்ல. பாட்டியின் சொந்த நோய் எதிர்ப்பு மண்டலமே அவர் தோலைத் தாக்குகிறது. இத்தகைய நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறோம்.

தோல் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது?

கொப்புளம் என்றால் என்ன? சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு அடுக்குகள் பிரிந்து, இடையில் நீர் தேங்குவதுதான் கொப்புளம். ஆகவே அடுக்குகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் தோலின் மேலடுக்கு மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே இருப்பது அடித்தோல். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இதில்தான் உள்ளன. இரண்டுக்கும் இடையில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பு இருக்கிறது.

தைப்பூசக் கூட்டத்தை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ரதத்துக்கு வழி விடுவதற்காகத் தொண்டர்கள் கைகோத்து நிற்பார்கள். மேல்தோல் செல்களும் அப்படித்தான் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. இந்தக் கைப்பிடிகளுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். அதிலுள்ள முக்கியப் புரதம் டெஸ்மோகிளீன்.

வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களையும் பார்த்திருப்பீர்கள். காற்றில் பறக்காமல் இருக்க, கூடாரத்தின் மூலைகளைக் கயிற்றால் தரையில் அடித்த முளையோடு இழுத்துக் கட்டுவார்கள். மேல்தோலின் கடைசி வரிசைச் செல்கள் கீழேயுள்ள அடித்தளச் சவ்வோடு இதே விதமாகக் கட்டப்பட்டுள்ளன. இந்தக் கட்டுக்கு ஹெமிடெஸ்மோசோம் என்று பெயர். ‘ஹெமி’ என்றால் பாதி. செல்லுக்குள்ளிருந்து வெளியே நீண்டு சவ்வுக்குள் இறங்கும் கயிறு, கொலாஜென் 17 என்ற புரதம். இதற்கு பிபி180 என்றும் பெயர் உண்டு.

ஆக, பிரிவு இரண்டு இடங்களில் நேரலாம். கைப்பிடி விட்டுப்போனால் மேல்தோலுக்குள்ளேயே செல்கள் பிரியும். முளைக்கயிறு அறுந்தால் மேல்தோல் முழுவதுமே கூடாரம் போல அப்படியே மேலே கிளம்பும். நடந்து வந்த காலில் எழும் உரசல் கொப்புளம் மேல்தோலுக்குள் நிகழும் பிரிவு. பாட்டியின் கொப்புளமோ அடியில் கயிறு அறுந்ததால் வந்தது. அதன் மேற்கூரை முழு மேல்தோல் என்பதால், அது இறுக்கமாக நிற்கும், எளிதில் உடையாது.

காவலரே கயிற்றை அறுத்தால்

படிவம் நான்கு உயிரியலில் மனித நோய் எதிர்ப்பு பற்றிய பாடத்தைப் படித்திருப்பீர்கள். பி லிம்போசைட் செல்கள் ‘ஒய்’ எழுத்து வடிவிலான எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. பாடநூல் இவற்றை அண்டிபாடி என்கிறது. ஓர் எதிர்ப்பொருள் தனக்குப் பொருந்தும் அந்நியப் பொருளில் மட்டுமே ஒட்டும். ஒட்டியதும் அது ஓர் அடையாளக் கொடியாகிறது. அதைக் கண்டு வெள்ளை அணுக்கள் வந்து தாக்குகின்றன.

நம் சொந்தப் புரதங்களைத் தாக்கும் செல்களும் உடலில் உருவாகத்தான் செய்கின்றன. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை ஆரம்பத்திலேயே அழிக்கப்படுகின்றன. தப்பியவற்றை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அடக்கி வைக்கின்றன. வயது ஏற ஏற இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. பெம்பிகாய்ட் நோயாளிகள் பெரும்பாலும் முதியவர்களாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பெம்பிகாய்ட் நோயில் எதிர்ப்பொருள்கள் பிபி180 கயிற்றில் போய் ஒட்டுகின்றன. உடனே காம்ப்ளிமென்ட் எனப்படும் இரத்தப் புரதங்கள் செயல்படத் தொடங்குகின்றன. வெள்ளை அணுக்கள் குவிகின்றன. அவை வெளியிடும் நொதிகள் கயிற்றை வெட்டுகின்றன. கூடாரம் கிளம்புகிறது, இடையில் நீர் நிறைகிறது. காவலர்கள் தங்கள் கடமையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த முகவரிதான் தவறு.

இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு நோய் பெம்பிகஸ். அதில் எதிர்ப்பொருள்கள் டெஸ்மோகிளீனைப் பிடிக்கின்றன. அதாவது கைப்பிடிகள் விடுபடுகின்றன. கொப்புளத்தின் கூரை மெல்லியதாக இருப்பதால் விரைவில் உடைந்து புண்ணாகும். வாய்க்குள்ளும் புண்கள் வரும். மேற்கு நாடுகளில் பெம்பிகாய்ட் அதிகம் என்றால், இந்தியாவில் பெம்பிகஸ்தான் அதிகம் காணப்படுகிறது. இதில் மரபணுக்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு காலத்தில் இந்த இரண்டும் ஒரே நோய் என்று எண்ணப்பட்டன. 1953இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் லீவர், தோல் எந்த இடத்தில் பிரிகிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்து இவற்றை வேறுபடுத்தினார். 1964இல் எர்ன்ஸ்ட் பியூட்னர், ராபர்ட் ஜோர்டன் ஆகிய இருவரும் பெம்பிகஸ் நோயாளிகளின் இரத்தத்தில் தோலைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டுபிடித்தனர். சில ஆண்டுகளில் பெம்பிகாய்டிலும் அது உறுதியானது.

கதிர்ச்சிகிச்சை சுடுகிறதா?

“கரண்டு வைப்பது” என்று நம் பெரியவர்கள் சொல்வதால், கதிர்ச்சிகிச்சை உடலைச் சுடுகிறது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கதிர்ச்சிகிச்சையின் அளவு கிரே என்ற அலகால் அளக்கப்படுகிறது. 1 கிரே என்பது 1 கிலோகிராம் திசுவில் 1 ஜூல் ஆற்றல் சேர்வதாகும். மார்பகப் புற்றுநோய்க்கு இப்போது பரவலாகத் தரப்படும் அளவுகளில் ஒன்று 40 கிரே. இது 15 தவணைகளாக மூன்று வாரங்களில் தரப்படுகிறது. 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் தேவை. திசுவையும் நீர் போலவே எடுத்துக்கொண்டால், மொத்த 40 ஜூலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்கூட வெப்பநிலை ஏறத்தாழ 0.01 பாகைதான் உயரும். ஒரு மிடறு தே தாரிக் குடித்தால் உடலில் சேரும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அப்படியானால் கதிர் எப்படி வேலை செய்கிறது? அது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அதனால் செல்களின் டிஎன்ஏ இழைகள் அறுகின்றன. வேகமாகப் பிரியும் புற்றுநோய்ச் செல்கள் இந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாமல் மடிகின்றன. மேல்தோலின் அடி வரிசைச் செல்களும் தொடர்ந்து பிரிந்துகொண்டே இருப்பவை என்பதால், அவையும் பாதிக்கப்படுகின்றன.

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் தோல் சிவப்பதும் கருப்பதும் உரிவதும் இதனால்தான். இதைக் கதிர்த்தோல் அழற்சி என்பார்கள். கதிர்ச்சிகிச்சை பெறுவோரில் மிகப் பலருக்கு இது ஏதேனும் ஓர் அளவில் வரும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும்.

பெம்பிகாய்ட் இதிலிருந்து வேறுபட்டது. சிகிச்சை நடக்கும்போதே அது வரலாம். ஆறிப்போன தோலில் மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் வரலாம். மிக அரிதானது. உலகெங்குமிருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ள நிகழ்வுகளைப் பத்துகளில் எண்ணிவிடலாம். அவற்றில் பெரும்பாலானவை மார்பகப் புற்றுநோய் நோயாளிகளைப் பற்றியவை.

கதிர் பட்ட இடத்தில் மட்டும் ஏன்?

இங்கே ஓர் அறிவியலாளரைப் போலக் கேள்வி கேட்க வேண்டும். பெம்பிகாய்ட் முதியவர்களுக்கு வரும் நோய். மார்பகப் புற்றுநோயும் வயது கூடக் கூட அதிகம் வருகிறது. இரண்டும் ஒருவருக்கே வந்தது வெறும் தற்செயலாக இருக்கக் கூடாதா?

இருக்கலாம். ஆனால், பல நோயாளிகளிடம் மருத்துவர்கள் ஒன்றை உற்றறிந்தனர். கொப்புளங்கள் கதிர் பட்ட பகுதிக்குள் மட்டுமே இருந்தன. அல்லது அங்கே தொடங்கிப் பிறகு பரவின. உங்கள் அறிவியல் பாடத்து மொழியில் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரே உடல், ஒரே வயது, ஒரே இரத்தம், அதே எதிர்ப்பொருள்கள். இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இடப்பக்கத் தோலுக்கும் வலப்பக்கத் தோலுக்கும் இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: கதிர். அது தற்சார்பு மாறி. கொப்புளம், சார்பு மாறி. யாரும் திட்டமிடாமலே உடலில் ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. அறுவைத் தழும்பு போன்ற வேறு மாறிகளும் அதே பக்கத்தில் இருக்கக்கூடும் என்பதால் இதை முடிந்த சான்று என்று கொள்ள முடியாது. ஆனாலும், தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது.

கதிர் இதை எப்படித் தூண்டுகிறது என்பதற்கு மூன்று கருதுகோள்கள் உள்ளன.

ஒன்று: கதிர் அடித்தளச் சவ்வைச் சேதப்படுத்துகிறது. இதுவரை மறைந்திருந்த புரதப் பகுதிகள் வெளியே தெரிகின்றன. முன்பின் பார்த்திராத அவற்றை நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியர் என்று கருதிவிடுகிறது.

இரண்டு: எதிர்ப்பொருள்கள் மிகக் குறைந்த அளவில் இரத்தத்தில் முன்பே இருந்திருக்கலாம். கதிரால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியதும், அவை அந்த இடத்தில் அதிகமாக வெளியேறித் தோலில் படிகின்றன.

மூன்று: அடக்கி வைக்கும் டி செல்களைக் கதிர் பாதித்து, காவல் படையின் கடிவாளத்தைத் தளர்த்துகிறது.

இவற்றில் எது சரி என்பது இன்னும் முடிவாகவில்லை. மூன்றும் சேர்ந்துகூட இயங்கலாம்.

தூண்டுதல் கதிராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. நீரிழிவுக்குத் தரப்படும் ‘கிளிப்டின்’ வகை மாத்திரைகள் சிலரிடம் பெம்பிகாய்டைத் தூண்டுகின்றன என்பது இப்போது நன்கு நிறுவப்பட்டுள்ளது. வில்டாகிளிப்டின் அவற்றில் ஒன்று. நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆகவே, கொப்புளத்தோடு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோக வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

பச்சையாய் ஒளிரும் கோடு

கண்ணால் பார்த்து மட்டும் இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. கதிர்த்தோல் அழற்சி, கிருமித் தொற்று, அக்கி, மருந்து ஒவ்வாமை, மார்பகத்தில் புற்றுநோய் திரும்பி வருதல் என்று பல வாய்ப்புகள் உண்டு. அக்கி என்பது சின்னம்மை வைரஸ் மீண்டும் விழித்தெழுவது. புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களுக்கு அதுவும் வரக்கூடும். எனவே பக்கத்து வீட்டு அக்காள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அதையும் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

தோல் மருத்துவர் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, இரண்டு சிறு தோல் துணுக்குகளை எடுப்பார். ஒன்று கொப்புளத்தின் ஓரத்திலிருந்து. தோல் எந்த மட்டத்தில் பிரிந்திருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்க்க. மற்றொன்று கொப்புளத்துக்கு அருகிலுள்ள பகுதியிலிருந்து, எதிர்ப்பொருளைத் தேட. இரண்டாவது துணுக்கை வழக்கமான ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டுவிடும். அதற்கென்று தனித் திரவம் உண்டு.

ஆய்வுக்கூடத்தில் அந்தத் துணுக்கின்மீது ஒளிரும் சாயம் இணைக்கப்பட்ட எதிர்ப்பொருள்களை ஊற்றுவார்கள். தோலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள்களை அவை தேடிப் பிடிக்கும். சிறப்பு நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், பெம்பிகாய்டில் அடித்தளச் சவ்வின் நீளத்துக்கும் ஒரு பச்சைக் கோடு ஒளிரும். பெம்பிகஸில் செல்களைச் சுற்றி மீன்வலை போல ஒளிரும். கயிறா, கைப்பிடியா என்ற கேள்விக்கு இங்கே கண்முன்னே விடை கிடைக்கிறது.

மருத்துவம் உண்டு

ஸ்டீராய்டு மருந்துகள் 1950களில் பயன்பாட்டுக்கு வருவதற்குமுன் பெம்பிகஸ் பெரும்பாலும் உயிரைப் பறித்த நோய். இன்று நிலைமை வேறு. புது டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களில் உருவாக்கிய துடிப்பு முறைச் சிகிச்சை இந்தியாவில் மிகப் பல பெம்பிகஸ் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. மாதத்துக்கு ஒருமுறை, மூன்று நாள்கள் தொடர்ந்து மருந்தை அதிக அளவில் நரம்பில் ஏற்றும் முறை அது. முதலில் இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கு உருவாக்கப்பட்ட ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து, எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்களையே குறைக்கிறது. 2018இல் அமெரிக்கா அதைப் பெம்பிகஸுக்கும் அங்கீகரித்தது.

பெம்பிகாய்டுக்கோ பல சமயம் வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்பே போதும். 2002இல் வெளியான பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று 341 நோயாளிகளைக் கவனித்தது. நோய் உடலில் அதிகம் பரவியிருந்தவர்களில், களிம்பு பூசியவர்களில் 76 விழுக்காட்டினரும் மாத்திரை உண்டவர்களில் 58 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தனர். அதிக அளவு மாத்திரை முதிய உடலுக்கு எவ்வளவு சுமை என்பதை இந்த எண்கள் காட்டின. டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளும் உதவுகின்றன.

ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். எலும்பை வலுவிழக்கச் செய்யும். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் படிநிலையில்தான் குறைக்க வேண்டும்.

அப்படியானால் கதிர்ச்சிகிச்சை வேண்டாமா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் போய், “கதிர் வைத்தால் கொப்புளம் வரும்” என்று சொன்னால், நான் எழுதியது வீண்.

மார்பகப் புற்றுநோய்தான் மலேசியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஏறத்தாழப் பாதிப் பேரின் நோய் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டது. பயமும் தயக்கமும் ஏற்கெனவே நம்மிடம் அதிகம். 2011இல் 10,801 பெண்களின் விவரங்களைத் தொகுத்து வெளியான பன்னாட்டு ஆய்வைப் பாருங்கள். மார்பகத்தை முழுதும் அகற்றாமல் கட்டியை மட்டும் நீக்கியவர்களில், கதிர்ச்சிகிச்சை பெறாதோரில் 100 பேருக்கு 35 பேரிடம் பத்தாண்டுக்குள் புற்றுநோய் திரும்பியது. பெற்றவர்களில் 19 பேரிடம்தான். ஒரு தட்டில் இந்த 16 பேரின் வேறுபாடு. மறு தட்டில், உலக அளவில் பத்துகளில் எண்ணக்கூடிய, மருந்துக்குக் கட்டுப்படும் ஒரு தோல் நோய். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு வசதிகள் தொலைவில் இல்லை. லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகமும் கதிர்ச்சிகிச்சை அளிக்கின்றன. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வேண்டியது ஒன்றுதான். சிகிச்சை முடிந்து நாள்கள் கழித்து அந்த இடத்தில் அரிப்போ கொப்புளமோ வந்தால், “சூடுதான், தானாக இறங்கும்” என்று காத்திருக்காமல் புற்றுநோய்ச் சிகிச்சை அளித்த மருத்துவரிடமே உடனே காட்ட வேண்டும். கொப்புளத்தைக் குத்தி உடைக்கவோ, அதன்மேல் மஞ்சளோ பற்பசையோ பூசவோ கூடாது. உடைந்த தோல் கிருமிகளுக்குத் திறந்த வாசல்.

நம் பாட்டிகள் இதையெல்லாம் வெளியில் சொல்லக் கூச்சப்படுவார்கள். ‘என்ன பாட்டி, அரிக்கிறதா?’ என்று முதலில் கேட்கிறவர் நீங்களாக இருக்கலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

மேல்தோல்: தோலின் மேலடுக்கு.
அடித்தளச் சவ்வு: மேல்தோலையும் அடித்தோலையும் இணைக்கும் மெல்லிய விரிப்பு.
டெஸ்மோசோம்: மேல்தோல் செல்கள் ஒன்றையொன்று பற்றும் கைப்பிடி. பெம்பிகஸில் பாதிக்கப்படுவது.
ஹெமிடெஸ்மோசோம்: அடிச் செல்லைச் சவ்வோடு கட்டும் முளைக்கயிறு. பெம்பிகாய்டில் பாதிக்கப்படுவது.
தன்னெதிர்ப்பு நோய்: நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தத் திசுவையே தாக்கும் நோய்.
கிரே: 1 கிலோகிராம் திசுவில் 1 ஜூல் கதிராற்றல் சேரும் அளவு.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. பெம்பிகாய்ட் கொப்புளம் இறுக்கமாகவும், பெம்பிகஸ் கொப்புளம் எளிதில் உடைவதாகவும் இருப்பது ஏன்? படம் வரைந்து விளக்குக.
2. 50 கிரே அளவு 25 தவணைகளில் தரப்பட்டால் ஒரு தவணைக்கு எத்தனை கிரே? மொத்த ஆற்றலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலை எவ்வளவு உயரும்?
3. கட்டுரையில் உள்ள மூன்று கருதுகோள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சோதிக்க எந்தத் தகவலைத் திரட்டுவீர்கள்?